மென்பச்சைப் படுக்கையறை: ஷேட் கார்டைக் கடைசியில் திறவுங்கள்

பிறகு படிக்க வருபவர்களுக்கும் புரியட்டும் என்று உங்கள் கேள்வியை ஒருமுறை சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். தாம்பரம் பக்கம் அடுக்குமாடி வீடு. பத்துக்குப் பன்னிரண்டு அடி படுக்கையறை, மேற்கே ஒரே ஜன்னல். சுவருக்கு மென்பச்சை அடித்து, மரம், மூங்கில், கோரை என்று இயற்கைப் பொருள்களால் அறையை அமைக்க ஆசை. அம்மாவோ "ஆஸ்பத்திரி மாதிரி ஆயிடும்" என்கிறார். எந்த ஷேட் நம்பர் வாங்குவது, பச்சை நல்ல தூக்கம் தரும் என்பது நிஜமா, உள்ளே செடி வைக்கலாமா என்று மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். எனக்கு மூன்றும் ஒன்றாகத்தான் படுகிறது. எங்கோ படத்தில் பார்த்த அறை உங்கள் வீட்டிலும் அதே மாதிரி வருமா என்பதுதான் உங்கள் சந்தேகம். வரும். ஆனால் அது ஷேட் நம்பரால் வராது. நான் படித்தது கட்டிடக்கலை, பல வருடமாகச் செய்வது வீடுகளுக்கான உள் அலங்காரம். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: முதலில் விளக்கு, அடுத்து பொருள்கள், கடைசியில் பெயிண்ட். கிட்டத்தட்ட எல்லோரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

அம்மா சொல்வதை அப்படியே தள்ளிவிடாதீர்கள், அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1914இல் சான் பிரான்சிஸ்கோவில் ஹாரி ஷெர்மன் என்ற அறுவை மருத்துவர், வெள்ளைவெளேர் என்றிருந்த அறுவை அரங்கின் சுவரையும் தரையையும் கீரைப் பச்சைக்கு மாற்றினார். வெள்ளைச் சுவர் கண்ணைக் கூசியது. அதோடு ரத்தச் சிவப்புக்கு எதிர்நிறம் பச்சை என்பதால், சிவப்பையே உற்றுப் பார்த்துக் களைத்த கண்ணுக்கு அது இதமாக இருக்கும் என்பது அவர் கணக்கு. பிறகு உலகம் முழுக்க ஆஸ்பத்திரிகளில் பச்சை பரவியது. நம் ஊரில் அது இடுப்பு உயரத்துக்கு அடித்த பளபளப்பான எனாமல் பெயிண்டாக, மேலே எரியும் வெள்ளை டியூப்லைட்டோடு சேர்ந்து மனதில் பதிந்துவிட்டது. ஆகவே ஆஸ்பத்திரி போலத் தோன்றுவதற்குப் பச்சை மட்டும் காரணமில்லை. நீலம் தூக்கலான தெளிந்த பச்சை, பளபளப்பு, நீலம் கலந்த வெள்ளை வெளிச்சம் என்று மூன்று ஒன்றுசேர வேண்டும். இரண்டை எடுத்துவிட்டாலே அந்தச் சாயல் போய்விடும்.

சரி, வெளிச்சத்துக்கு வருவோம். மேற்கு ஜன்னல் அறைக்குக் காலையில் நேர் வெயில் கிடையாது. வானத்திலிருந்து வரும் லேசான நீல வெளிச்சம்தான் வரும், பச்சை அதில் கொஞ்சம் குளிர்ந்து சாம்பலாகத் தெரியும். மூன்று மணிக்கு மேல் நிலைமை மாறும். சாய்ந்த மஞ்சள் வெயில் உள்ளே விழுந்து, அதே சுவர் வெளிர்மஞ்சள் கலந்த பச்சையாகிவிடும். இரண்டும் ஒரே பெயிண்ட்தான். இன்னொன்றையும் கவனியுங்கள். அடுக்குமாடிகளில் ஜன்னலுக்கு நாலைந்து அடி தள்ளிப் பக்கத்துக் கட்டிடத்தின் சுவர் நிற்கும். அது காவியோ ரோஸோ என்றால், அதில் பட்டுத் திரும்பும் வெளிச்சம்தான் உங்கள் அறைக்குள் வருகிறது. காவி வெளிச்சத்தில் மென்பச்சை செத்துப்போய்க் களிமண் நிறமாகும். இதைக் கடையில் யாரும் சொல்லமாட்டார்கள், அவர்களுக்குத் தெரியவும் வழியில்லை. பகல் பதினொரு மணிக்கு ஒரு வெள்ளை சார்ட் பேப்பரை ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் ஒட்டிப் பாருங்கள். அதில் என்ன சாயல் ஏறுகிறதோ அது உங்கள் பெயிண்டிலும் ஏறும்.

வடக்கு ஜன்னல் உள்ளவர்கள் இதைப் படித்தால் ஒரு வார்த்தை. வடக்கில் வெயிலே விழாது, ஆண்டு முழுக்க ஒரே மாதிரி வெளிச்சம் என்று எழுதுவதெல்லாம் ஐரோப்பாவுக்குச் சரி. சென்னை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 13 பாகையில்தான் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரம் முதல் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நடுப்பகல் சூரியன் நமக்கு வடக்கேதான் நிற்கும். அந்த மாதங்களில் வடக்குச் சுவரும் நல்ல வெயில் வாங்கும்.

படுக்கையறையை நாம் அதிகம் பார்ப்பது ராத்திரியில். அதனால் விளக்கை முடிவு செய்யாமல் நிறத்தை முடிவு செய்யாதீர்கள். எல்இடி பெட்டியின் மேல் கெல்வின் என்று ஓர் எண் இருக்கும். 6500 என்றால் நம் வீடுகளில் வழக்கமாகப் போடும் வெள்ளை. 2700 என்றால் பழைய குண்டு பல்பின் மஞ்சள். மென்பச்சைக்கு 6500 வேண்டவே வேண்டாம், அம்மா பயப்படுவது அங்கேதான் நடக்கும். 2700இல் வேறு சிக்கல்: மஞ்சள் வெளிச்சத்தில் சாம்பல் கலந்த பச்சை காக்கியை நோக்கி நகரும். பொது விளக்கு 4000, கட்டில் பக்கத்து விளக்கு 3000 என்று வைப்பது என் வழக்கம். பெட்டியில் சிஆர்ஐ என்று இன்னோர் எண்ணும் இருக்கும், பொருளின் நிறத்தை அந்த விளக்கு எவ்வளவு ஒழுங்காகக் காட்டும் என்பதற்கான அளவு அது. மலிவு பல்புகளில் 80 போல இருக்கும். 90க்கு மேல் உள்ளதைத் தேடி வாங்குங்கள், விலை கொஞ்சம் கூடுதல். மரம், கோரை, பருத்தி என்று இயற்கைப் பொருள் வைக்கும் அறைக்கு இந்தச் செலவு தகும். அவற்றின் அழகே நுணுக்கமான பழுப்பு வேறுபாடுகளில்தான் இருக்கிறது, மட்டமான விளக்கில் எல்லாம் ஒரே அட்டை நிறமாகிவிடும்.

இப்போது பச்சைக்கு. கிளிப்பச்சை, பிஸ்தா, மிண்ட், சேஜ் என்று கடையில் நூறு பெயர் சொல்வார்கள். அந்தப் பெயர்களை நம்பாதீர்கள், ஒரு கம்பெனியின் சேஜ் இன்னொரு கம்பெனிக்குப் பிஸ்தா. உங்களுக்கு வேண்டிய நிறத்தைச் சொல்ல எருக்க இலை போதும். வெயிலில் நிற்கும் எருக்கஞ்செடியின் இலையில் மாவு பூசியது போல ஒரு வெண்சாம்பல் படிந்திருக்கும், விரலால் தேய்த்தால் அடியில் பச்சை கிளம்பும். தேய்க்காத அந்த மேல்நிறம்தான் இலக்கு. பெயிண்ட் மொழியில் சொன்னால், பச்சையோடு கொஞ்சம் மஞ்சளும் ஒரு துளி கறுப்பும் கலந்து வெளுத்தது. கார்டில் பார்க்கும்போது "இது என்ன, அழுக்காக இருக்கிறதே" என்று தோன்றும் நிறம் சுவரில் சரியாக வரும். கார்டில் அழகாகச் சிரிக்கும் பச்சை சுவரில் கத்தும். காரணம் எளிது. நாலு சுவரும் ஒன்றின் வெளிச்சத்தை ஒன்று வாங்கித் திருப்பிக் கொடுக்கும்போது, ஒவ்வொரு முறையும் அதில் பச்சை கூடிக்கொண்டே போகிறது. பத்துக்குப் பன்னிரண்டு போன்ற சின்ன அறையில் இது இன்னும் அதிகம். சில கார்டுகளின் பின்பக்கம் எல்ஆர்வி என்று ஓர் எண் போட்டிருப்பார்கள், எவ்வளவு வெளிச்சத்தைச் சுவர் திருப்பியனுப்பும் என்பதற்கான கணக்கு. ஒரே ஜன்னல் உள்ள உங்கள் அறைக்கு 55இலிருந்து 65க்குள் இருப்பதை எடுங்கள். அதற்குக் கீழே போனால் பகலிலும் விளக்குப் போடத் தோன்றும்.

சாம்பிள் டப்பா வாங்கி, பழைய சுவரின் மேலேயே ஒரு கை அகலத்துக்குப் பூசிப் பார்ப்பது பயன்படாது. நிறம் பக்கத்தில் இருப்பதை வைத்துத்தான் தெரியும். பிரான்சில் கோபெலின் நெசவுச்சாலையின் சாயப் பிரிவைக் கவனித்துவந்த வேதியியலாளர் மிஷேல் ஷெவ்ரல், கறுப்புச் சாயம் சரியில்லை என்று புகார் வந்தபோது ஆராய்ந்து பார்த்தார். சாயத்தில் குறையில்லை, பக்கத்தில் ஓடிய நிறங்கள்தான் கறுப்பைக் கெடுத்துக் காட்டின. 1839இல் அதை விளக்கமாக எழுதி வெளியிட்டார். உங்கள் சுவர் இப்போது சந்தன நிறம் என்றால், அதன் நடுவில் பூசிய பச்சைத் திட்டு இருப்பதைவிட நீலமாகத் தெரியும். இரண்டடிக்கு இரண்டடி பிளைவுட் துண்டிலோ கெட்டி அட்டையிலோ இரண்டு கோட் அடித்து, ஓரத்தில் இரண்டு அங்குலம் வெள்ளை விட்டு, காயவைத்து, ஒவ்வொரு சுவராக நகர்த்திப் பாருங்கள். காலை, மாலை நாலு மணி, ராத்திரி என்று மூன்று நேரமும் பார்க்க வேண்டும். புதிய பல்பை மாட்டிய பிறகு பாருங்கள், முன்பு அல்ல.

பலகையைப் பார்க்கும்போது அதற்குக் கீழே உங்கள் மற்றப் பொருள்களும் இருக்க வேண்டும். அறையில் மாற்ற முடியாதவை என்று சில உண்டு. தரை டைல்ஸ், அலமாரியின் லேமினேட், கதவு. இவை மூன்றும் சேர்ந்து சுவரைவிட அதிகம் பேசும். தேக்கின் தேன் நிறம் மென்பச்சைக்கு மிகவும் பொருந்தும். வேம்பு, பலா போன்ற மஞ்சள் பழுப்பும் அப்படியே. செம்பழுப்பு பாலிஷ் போட்ட பழைய கட்டில் என்றால் எச்சரிக்கை, சிவப்பும் பச்சையும் பக்கத்தில் நின்றால் ஒன்றை ஒன்று தூக்கும். பச்சை கூடுதல் பச்சையாகும், கட்டில் கூடுதல் சிவப்பாகும். அப்போது ஒன்று பச்சையை இன்னும் சாம்பலாக்க வேண்டும், இல்லை கட்டிலின் பாலிஷை உரித்துவிட்டு நிறம் ஏற்றாத மேட் பாலிஷ் போட வேண்டும். இரண்டாவதைத்தான் நான் விரும்புவேன். நல்ல மரம் என்றால் உள்ளே அழகான ரேகை காத்திருக்கும்.

இயற்கைப் பொருள் என்றதும் ஆன்லைனில் மூங்கில் விளக்கு, சணல் கூடை, மேக்ரமே என்ற கயிற்று முடிச்சுத் தொங்கல் என்று ஒரே மாதிரி சரக்கு வரும். அதெல்லாம் தவறில்லை. ஆனால் நாம் இருக்கும் இடத்தில் இதைவிட நல்ல பொருள் கையெட்டும் தூரத்தில் கிடைக்கிறது. கட்டிலின் தலைமாட்டுப் பலகைக்குப் பதில் ஒரு பத்தமடைப் பாயை மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிப் பாருங்கள். தாமிரபரணிக் கரைக் கோரையைக் கீறி, ஊறவைத்து, பருத்தி நூல் பாவில் நெய்வது. நயம் பாய் என்றால் துணி போல மடியும். சாயம் போடாத பாயின் வெளிர்ப்பொன் நிறம், நான் மேலே சொன்ன பச்சைக்குப் பக்கத்தில் நிற்பதற்கென்றே செய்தது போல இருக்கும். கிட்டே போய்ப் பார்த்தால் ஒவ்வொரு இழையும் கொஞ்சம் வேறு: ஒன்று வைக்கோல் மஞ்சள், அடுத்தது லேசான பச்சை ஓடியது, இன்னொன்றில் பழுப்புப் புள்ளி. சுவரில் தட்டையாக இருக்கும் பெயிண்டுக்கு இந்த ஏற்ற இறக்கம் தேவை. தரைக்குப் பவானி ஜமுக்காளம், ஆனால் பலவண்ணப் பட்டை போட்டது வேண்டாம், அறை பிளந்துபோகும். சிறு சாமான்களுக்குச் செட்டிநாட்டு ஓலைக் கொட்டான். ஒரு பிரம்பு நாற்காலி. அவ்வளவுதான். இந்த அளவு அறைக்குச் சுவரையும் துணியையும் விட்டுவிட்டு மூன்று நாலு இயற்கைப் பொருளுக்கு மேல் போனால் கைவினைக் கண்காட்சி ஸ்டால் ஆகிவிடும்.

அழகு பேசுபவர்கள் சொல்லாத பகுதி ஒன்று உண்டு, பூச்சியும் ஈரமும். மூங்கிலில் மாவுச்சத்து இருக்கிறது, அதைத் தின்ன வரும் சிறு வண்டு உள்ளே துளைத்துக்கொண்டே போகும். வெளியே குண்டூசித் தலை அளவு ஓட்டைதான் தெரியும். அடியில் தரையில் முகப்பவுடர் போல மெல்லிய வெளிர்த்தூள் குவிந்திருந்தால் ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். வாங்கும்போதே போராக்ஸ், போரிக் ஆசிட் கரைசலில் பதப்படுத்தியதா என்று கேளுங்கள். விற்பவர் விழித்தால் வாங்க வேண்டாம். மேலே வார்னிஷ் அடித்துத் தருகிறேன் என்பார்கள், ஏற்கெனவே உள்ளே முட்டை இருந்தால் வார்னிஷ் அதைத் தடுக்காது. பிரம்பையும் இதே கண்ணோடு பாருங்கள். கோரைக்கும் சணலுக்கும் எதிரி ஐப்பசி, கார்த்திகை ஈரம். வெளிச்சுவரோடு ஒட்டிவைத்த பாய் மழைக்காலத்தில் பின்பக்கம் பூஞ்சை பிடிக்கும். தலைமாட்டுச் சட்டத்தைச் சுவரிலிருந்து அரை அங்குலம் தள்ளி மாட்டி, காற்றோட இடம் விடுங்கள். தரை ஈரமாகும் இடத்துக்குச் சணலைவிடத் தென்னை நார் தாக்குப்பிடிக்கும்.

துணி விஷயத்தில் ஒன்றே ஒன்று. திரைச்சீலைக்கு இயற்கைச் சாயத்தில் தோய்த்த பச்சை வேண்டும் என்று ஆசைப்பட்டால் யோசியுங்கள். இயற்கைச் சாயத்தில் பெரும்பாலும் பச்சை ஒரே முக்கில் வருவதில்லை. மஞ்சள் சாயம் ஏற்றி, அதன் மேல் அவுரி நீலம் ஏற்ற வேண்டும். மஞ்சள் கிழங்கின் நிறம் வெயிலில் சீக்கிரம் பறக்கும், அவுரி நிற்கும். உங்கள் மேற்கு ஜன்னலில் அப்படியொரு திரை வெகு சீக்கிரம் நீலத்தை நோக்கிப் போய்விடும். சாயம் போடாத பருத்திக் காடாத்துணியைத் திரையாகப் போட்டு, பின்னால் வெயில் தடுக்கும் லைனிங் தைத்துக்கொள்ளுங்கள். பச்சையைச் சுவரே பார்த்துக்கொள்ளும். கட்டில் விரிப்புக்குச் சென்னிமலைக் கைத்தறி போதும், அரைவெள்ளை அல்லது மண் நிறம்.

தூக்கத்துக்கு வருகிறேன். உறுதியாகத் தெரிந்தது இவ்வளவு: பகல் வெளிச்சத்தில் நம் கண் அதிகம் உணர்வது சுமார் 555 நானோமீட்டர் அலைநீளத்தை, அது பச்சை மஞ்சள் பகுதி. ராத்திரி நீலம் தூக்கலான பளீர் வெளிச்சம் தூக்கத்தைத் தள்ளிப்போடும் என்பதற்கும் நல்ல ஆதாரம் உண்டு. பச்சைச் சுவர் தூக்கத்தை வரவழைக்கும் என்பதற்கு அந்த அளவு ஆதாரம் கிடையாது. விளக்கை அணைத்த பிறகு சுவர் பச்சையா சிவப்பா என்பதே கண்ணுக்குத் தெரியாது, மங்கிய இருட்டில் நிறம் அறியும் செல்கள் வேலை செய்வதில்லை. ஆகவே தூங்கவேண்டி நிறம் மாற்றுகிறீர்கள் என்றால் பெயிண்டுக்கு முன்னால் பல்பையும் திரையையும் மாற்றுங்கள். பிடித்த நிறம் மனதுக்கு இதமாக இருக்கும் என்றால் அதை நான் மறுக்கவில்லை, அது உங்கள் அனுபவம். மருந்து என்று விற்பவர்களிடம் மட்டும் ஜாக்கிரதை.

செடியும் ஏறக்குறைய அதே கதை. செடி அறைக் காற்றைச் சுத்தம் செய்யும் என்று சொல்பவர்கள் எல்லோரும் 1989இல் நாசா வெளியிட்ட ஆய்வைக் காட்டுவார்கள். அது மூடிய சிறு பெட்டிக்குள் செய்தது. 2019இல் இத்தகைய ஆய்வுகளை மொத்தமாக எடுத்துக் கணக்குப் போட்டவர்கள், ஜன்னல் வழியாக இயல்பாக நடக்கும் காற்றோட்டத்துக்குச் சமமாகச் செடி வேலை செய்ய ஒரு சதுர மீட்டருக்குப் பத்திலிருந்து ஆயிரம் செடிவரை தேவைப்படும் என்றார்கள். ராத்திரி செடி கரியமிலவாயு விடுமே என்ற பயமும் வேண்டாம். பக்கத்தில் படுத்திருப்பவர் விடுவதோடு ஒப்பிட்டால் இரண்டு தொட்டிச் செடி விடுவது ஒன்றுமில்லை. அழகுக்காக ஒரு பாம்புச்செடி வையுங்கள், மேற்கு வெயிலையும் மறதியான எஜமானரையும் தாங்கும். மணி பிளான்டைக் கண்ணாடிப் பாட்டிலில் தண்ணீரில் விடுவது என்றால் வாரம் தவறாமல் தண்ணீர் மாற்ற வேண்டும், டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு அந்தத் தண்ணீரே போதும். தவழும் குழந்தை இருந்தால் மணி பிளான்ட் எட்டாத உயரத்தில் இருக்கட்டும், இலையைக் கடித்தால் வாயெல்லாம் எரியும்.

கடைசியாகப் பெயிண்ட் வேலை. பச்சைப் பெயிண்டில் விஷம் என்று யாராவது பயமுறுத்தினால், அது 1775இல் ஷீலே என்ற வேதியியலாளர் கண்டுபிடித்த ஆர்சனிக் கலந்த பச்சையின் கதை, இன்று சுவருக்கு அடிக்கும் தண்ணீர்ப் பெயிண்டான எமல்ஷனில் அது இல்லை. கவலைப்பட வேண்டியது ஈயத்தைப் பற்றி. வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) தாண்டக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. உங்கள் கட்டிடம் பழையது என்றால் ஜன்னல், கிராதி மேல் இருக்கும் பழைய எனாமலை உலர்வாக எமரி போட்டுத் தேய்க்க விடாதீர்கள், தண்ணீர் தொட்டுத் தேய்க்கச் சொல்லுங்கள். குழந்தைகள் அந்த நாளில் வேறு எங்காவது இருக்கட்டும். சுவரில் ஓதம் இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். மேலே எவ்வளவு பட்டி பார்த்தாலும் உப்புப் பூத்துத் தள்ளிவிடும், மென்பச்சையில் அந்த வெள்ளைப் பூப்பு அப்பட்டமாகத் தெரியும். எமல்ஷனில் மேட் வாங்குங்கள், பளபளப்பு வேண்டாம். ஆனால் கழுவக்கூடிய மேட், இல்லாவிட்டால் கட்டிலோரம் தலையெண்ணெய்க் கறை நிற்கும். கூரைக்குச் சுத்த வெள்ளை அடிக்காமல் ஒரு துளி மஞ்சள் ஓடிய வெள்ளை கேளுங்கள், அல்லது அதே பச்சையின் கால் பங்கு வீரியத்தை. இந்த அளவு அறையின் சுவர்களுக்கு இரண்டு கோட்டுக்கு நாலு லிட்டர் போல ஆகும், பட்டி எவ்வளவு உறிஞ்சுகிறது என்பதைப் பொறுத்துக் கொஞ்சம் கூடலாம் குறையலாம். முழுவதையும் ஒரே தடவையில் கலக்கி வாங்குங்கள். இரண்டாவது தடவை மெஷினில் கலந்தால் மிகச் சிறிய வித்தியாசம் வரலாம், சாம்பல் பச்சையில் அது சுவரின் நடுவில் கோடு போட்டதுபோலத் தெரியும். டின் மூடியில் ஒட்டியிருக்கும் கலவை ஸ்டிக்கரை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் பெயிண்டர் அந்த டின்னைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விடுவார்.